ஏரிக்கரையில் பத்து மூச்சு

பைனாகுலர் பைக்குள் ஒருநாளும் பைனாகுலர் இருந்ததில்லை. அது மகளின் கழுத்தில் தொங்கும்; அவள் குனிந்தால் முழங்காலில் இடிக்கும். பைக்குள் இருந்தது அவளுடைய மூச்சு மருந்து. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பம்ப், அதைச் செருகுகிற பிளாஸ்டிக் குழாய், குழாயின் மறுமுனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் முகமூடி. நடக்கும்போது ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் வரக்கூடாது என்று ஒரு கைக்குட்டையைச் சுற்றி வைத்திருந்தேன்.

போன டிசம்பரில், சாமல்பட்டியில் என் கணவரின் அக்கா வீட்டில் தங்கியிருந்த நாட்களில், விடிந்தும் விடியாமலும் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பறவை பாக்கப் போறோம் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

அண்ணி வாசல் தெளித்துக்கொண்டோ பால் காய்ச்சிக்கொண்டோ இருப்பார். "கொக்கப் பாக்கறதுக்கு இம்மாம் சீக்கிரமா? அது எங்க ஓடிப்போவுது," என்பார்.

மகள் எனக்கு முன்னால் ஓடிக் கேட்டைத் திறப்பாள். அவளுக்கு அது பறவை பார்க்கிற பயணம்தான். எனக்கு அது, யார் கண்ணிலும் படாமல் மருந்து கொடுக்க ஓர் இடம்.

மற்ற ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு மலை ஏறுவார்கள். ஓசூரில் இருக்கிற நாங்கள் இறங்குவோம். சூளகிரி தாண்டியதும் மகளின் ஸ்வெட்டரைக் கழற்றுவேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் குல்லாவும் சாக்ஸும் பைக்குள் போய்விடும். ஊத்தங்கரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது வெறும் கவுனோடு, வேறு குழந்தை மாதிரி இருப்பாள். ஓசூரில் ஐப்பசி முடிந்ததும் அவளுக்கு இளைப்பு ஆரம்பித்துவிடும். பள்ளி வேன் வருகிற நேரத்தில் பனி இறங்கி, தெருமுனையில் நிற்கிற வேன் தெரியாது; ஹாரன்தான் கேட்கும். அந்தப் பனியில் சிமெண்டுத் தூசியும் லாரிப் புகையும் கலந்திருக்கும். யு.கே.ஜி. படிக்கிற குழந்தையின் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பிறகு வேறு எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அவள் தூங்கும்போதும் போர்வையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். குளிர் குறைகிற வரை கொஞ்ச நாள் கீழே சூடான ஊரில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. காலையில் கொடுக்கிற மருந்தை, நன்றாக இருக்கிறாள் என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது. என் கணவர் அவருடைய அக்காவுக்குப் போன் செய்தபோது முதல் விஷயத்தை மட்டும் சொன்னார். மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு. ஒரு போன் பேச்சில் அவ்வளவுதான் அடங்கியது.

தொழிற்சாலைக்கு விடுமுறை விடுகிற டிசம்பர் கடைசி வாரத்தில்தான் அவரால் வர முடியும். நான் சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு, பள்ளி அரையாண்டு விடுமுறை விட்டதும் மகளோடு முன்னால் போனேன்.

முதல் நாள் மாலையே குழாயை வெளியே எடுத்தேன். அண்ணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"என்னாம்மா அது? பம்ப்பா?"

"ஆமா அண்ணி. டாக்டர் தினமும் ஒரு வேளை கொடுக்கச் சொல்லியிருக்கார்."

"அத உள்ள வையி மொதல்ல. எங்கூட்டுக்காரரோட சித்தப்பா இப்பிடித்தான் ஆரம்பிச்சாரு. கடசீ வரைக்கும் அது அவர வுடல, அவரு அத வுடல. பாடையில கூட அத வச்சிதான் அனுப்பினோம். பச்சப்புள்ளைக்குப் போயி இத பழக்குவாங்களா?" கொஞ்சம் குரலை இறக்கி, "பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தங்கூட்டுக்குப் போவணும். பம்ப்பு வச்சினு இக்கறான்னா யாரு வந்து கேப்பாங்க? இங்க பனியா இக்குது? இந்தச் சூட்டுக்கே செரியாப் பூடும். நிறுத்திப் பாரு," என்றார்.

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம். "அக்கா சொல்றதும் ஒரு நியாயம்தானே? அங்க குளிர் இல்ல. கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம். வந்தா குடுத்துக்கலாம்," என்றார்.

"சரி," என்றேன்.

டாக்டரிடமும் "சரி" என்றுதான் சொல்லியிருந்தேன். நான் வேலை பார்ப்பது உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பிரிவில். அளவு சரியாக இருந்தால் பச்சை அட்டை. தவறினால் சிவப்பு. எது என்று சொல்ல முடியாததற்கு மஞ்சள் அட்டை கட்டி, 'ஹோல்ட்' என்று தனி அலமாரியில் ஒதுக்கி வைப்போம். வீட்டில் நான் சொல்கிற 'சரி' எல்லாம் மஞ்சள் அட்டைதான். கேட்கிறவர்களுக்கு மட்டும் அது பச்சையாகத் தெரியும்.

மறுநாள் காலை குளியலறையில் கொடுத்துப் பார்த்தேன். அது வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லை ஒட்டி இருக்கிறது. தகரக் கதவு. பம்ப்பை அழுத்தினால் வருகிற 'புஸ்' என்ற சத்தம் அந்தத் தகரத்தில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. "என்னாம்மா, பாம்பா?" என்று அண்ணி வெளியிலிருந்து கேட்டார். "பவுடர் டப்பா அண்ணி," என்றேன். அன்று மாலை மகளின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை சும்மா இருக்க ஒரு பொருள் வேண்டும் என்று அவள் அப்பா இணையத்தில் வாங்கிக் கொடுத்தது. கூடவே ஒரு பறவைப் பட அட்டையும் வந்திருந்தது. ஏரி, தோப்பைத் தாண்டிக் கூப்பிடு தூரம்.

ஏரிக்கரையில் மதகுக்கு மேலே ஓர் அகலமான கல் இருக்கிறது. அதில் மகளை உட்கார வைப்பேன். பம்ப்பைக் குலுக்கி, குழாயில் செருகி, முகமூடியை அவள் முகத்தில் வைத்து அழுத்துவேன். அவள் அசையாமல் பத்து மூச்சு விட வேண்டும். நான் எண்ண வேண்டும். ஓசூரில் அவளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா கன்னடக்காரர். அதனால் அவளுக்கு எண்கள் கன்னடத்தில்தான் ருசிக்கும். "ஒந்து, எரடு, மூரு" என்று நான் மெல்லச் சொல்ல, முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கரைக்கு வெளியே துப்புவாள். எவ்வளவு தூரம் துப்ப முடிகிறது என்று அதில் ஒரு போட்டி வேறு.

அந்தக் குழாய்க்கு அவள் வைத்த பெயர் தும்பிக்கை.

முதல் இரண்டு நாள் நான் பறவையைப் பார்க்கவில்லை. பாதையைத்தான் பார்த்தேன். யாராவது மாடு ஓட்டிக்கொண்டு வருகிறார்களா, அண்ணிக்குத் தெரிந்த யாருடைய தலையாவது தெரிகிறதா என்று. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஏழோ எட்டோ எண்ணும்போது மகளின் கண்கள் அகன்றன. திரும்பினேன். கைக்கெட்டுகிற தூரத்தில், கரைச் சேற்றில், மஞ்சள் வயிறும் ஓயாமல் ஆடுகிற வாலுமாக ஒரு சின்னப் பறவை. எங்களைக் கல்லோடு சேர்ந்த கல்லாக நினைத்துவிட்டது போல. பத்து முடிந்தும் நான் முகமூடியை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. அது பூச்சியைக் கொத்தி, வாலை ஆட்டி, தண்ணீரோரமாகவே நடந்து போனது.

"அம்மா, தும்பிக்கை போட்டா ஹக்கி வருது," என்றாள். கன்னடத்தில் பறவைக்கு ஹக்கி. அவளுக்கு எல்லாப் பறவையும் ஹக்கிதான்.

நாம் அசையாமல் இருந்தோம், அதனால் வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மருந்துக்கு ஓசூரில் அவளைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இங்கே அவளே போய்க் கல்லில் உட்கார்ந்து முகத்தை நீட்டினாள்.

அதன்பின் நானும் பார்க்க ஆரம்பித்தேன். பார்ப்பதிலும் எனக்கு நிச்சயம் கிடையாது. அந்த வாலாட்டி, பட அட்டையில் இருக்கிற மஞ்சள் வாலாட்டியா, அல்லது வயிறு மட்டும் மஞ்சளான சாம்பல் வாலாட்டியா? முதுகைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. முதுகைக் காட்டும்போது வெயில் கண்ணில் அடிக்கும். உள்ளான்களில் அட்டையில் நாலு வகை. ஏரியில் இருந்தவை நாலுக்கும் பொதுவாக இருந்தன. நாமக்கோழியில் மட்டும் குழப்பம் இல்லை. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. நடு ஏரியில் ஊசிவால் வாத்துகள் ஒரு கூட்டமாகத் தலையை முதுகில் செருகி மிதக்கும். கரையோர மின்கம்பியில் தகைவிலான்கள். அந்தப் பக்கம் சரக்கு ரயில் போனால் எல்லாம் ஒருமுறை எழுந்து சுற்றிவிட்டு இறங்கும்.

"இதுங்கல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"ரொம்பக் குளிரா இருக்கிற ஊர்லேருந்து."

"ஓசூர்லேருந்தா?"

"அதைவிடக் குளிர்."

"அதோட அம்மாவும் வந்துச்சா?"

தெரியாததைச் சொல்லக்கூடாது என்று மத்தியானம் போனில் தேடிப் படித்தேன். உள்ளான் இனத்தில் பலவற்றில் பெரியவை முன்னால் கிளம்பிவிடுமாம். குஞ்சுகள் பிறகு தாமாகவே வழி தேடி வருமாம். போனை அணைத்துவிட்டேன். மறுநாள் அவள் மறக்காமல் கேட்டபோது, "வந்திருக்கும்," என்றேன்.

மகளுக்கு இளைப்பு வரவே இல்லை. தோப்பில் ஓடினாள். கன்றுக்குட்டியோடு சேர்ந்து கத்தினாள். இரவு வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினாள். அண்ணி அவளை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவார். தம்பி மகள் மருமகள் முறைதான். ஆனால் அவர் கூப்பிடும்போது அதில் ஒரு சொந்தம் கொண்டாடல் இருக்கும். அண்ணிக்கு இரண்டு பையன்கள். பெரியவன் சென்னையில், சின்னவன் கோயம்புத்தூரில். அண்ணியின் கணவர் பகல் முழுக்க மாந்தோப்பில் இருப்பார். பூ எடுக்கிற காலம், வீட்டில் தங்க மாட்டார். காலையில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மத்தியானம் தனியாகச் சாப்பிட்டுப் பழகிப்போன அந்த அம்மாள் என் மகளுக்குச் சோற்றைப் பிசைந்து உருட்டி ஊட்டும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

"பம்ப்பு இல்ல ஒண்ணு இல்ல. எப்பிடி இக்கறா பாரு," என்று பால் வாங்க வருகிற பெண்களிடம் காட்டுவார். "ஓசூருல என்னா இக்குது? எங்க ஊரு காத்துக்கே பாதி சீக்கு போச்சி."

அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் சிரிப்பேன்.

ஒருநாள் ஏரியிலிருந்து திரும்பியபோது பின் அறையில் பெயிண்ட் வாசனை. சின்னவன் படுத்திருந்த பழைய கட்டிலுக்கு அண்ணி நீல நிறம் அடிக்க வைத்திருந்தார். "காயட்டும், மருமவளுக்குத்தான்," என்றார். பள்ளி வேன் ஸ்டேஷன் ரோடு வரைக்கும் வருகிறது என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மகள் நன்றாக இருக்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் மருந்து கொடுப்பதால் அவள் நன்றாக இருந்தாள்; அவள் நன்றாக இருந்ததால் மருந்து தேவையில்லை என்றானது. மருந்து தேவையில்லை என்றால் அவள் இங்கேயே இருக்கலாம். நான் இல்லாமல், மருந்தும் இல்லாமல். உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டே அண்ணியை ஏமாற்றினவள். சொல்லாவிட்டால், என் குழந்தையை ஆபத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவள். நிறுத்திப் பார்த்து, அவளுக்கு இளைக்க ஆரம்பித்தால் எல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். நிறுத்தவில்லை. ஆனால் ஒரு காலையில் அவள் நாலைந்து முறை இருமினாள். எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பொரி தொண்டையில் சிக்கியிருந்தது, தண்ணீர் குடித்ததும் நின்றுவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்த அது என்ன என்று நான் அன்று முழுக்க யோசிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

தொழிற்சாலை மூடியதும் கணவர் வந்தார். மகள் அவரைப் பார்த்ததும் வீட்டு வாசலிலிருந்து கேட் வரை ஒரே ஓட்டமாக ஓடிப் போய் அவர் மேலே தாவினாள். அவர் அவளைத் தூக்கி நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் கொஞ்சுவது.

"க்ளீனா இருக்கே," என்றார் என்னிடம்.

சாப்பிடும்போது அண்ணி பேச்சை எடுத்தார். "மாசி வரைக்கும் வுட்டுட்டுப் போங்கடா. குளுரு போனதும் வந்து கூட்டினு போ. இல்ல, ஆனியில இங்கியே இஸ்கூல்ல சேத்துரலாம். லீவு நாளுல வந்து பாத்துனு போங்க. உன்னத்தான் நான் வளத்தேன், உம் பொண்ண வளக்க மாட்டனா?"

"யாரு வேணாம்னா?" என்று அவர் என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றேன்.

"டாக்டரா வந்து புள்ளைய பாத்துக்கப் போறாரு?" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். "பெத்தவளுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துது, ரெண்டு பேரயும் ஆஸ்டல்ல வுடும்போது. ஒரு மாசம். அப்பறம் பழகிரும்."

தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரிடம் தனியாக. பிறகு, இருவரிடமும் ஒன்றாகச் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. பிறகு, ஊருக்குப் போய்ப் போனில் சொன்னால் என்ன என்று தோன்றியது. மஞ்சள் அட்டை.

மறுநாள் விடியலில் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். "நானும் வரன். அப்பிடி என்னாதான் அங்க பாக்கறீங்கன்னு பாக்கறன்." கணவரும் செருப்பை மாட்டினார். நான் உள்ளே போய்ப் பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

"பை எங்கம்மா?" என்றாள் மகள்.

"இன்னிக்கு வேணாம்."

அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

கரை ஏறும்போதே அண்ணிக்குப் போன் வந்தது. உரம் போடுகிற ஆள் விஷயம். அண்ணி போனில் பேசினால் மறுமுனைக்குப் போனே தேவையில்லை. கரையோரம் இருந்த நாரை ஒன்று எழுந்து போனது. உள்ளான்கள் கத்திக்கொண்டு எதிர்க்கரைக்குப் போயின. வாத்துகள் தள்ளித் தள்ளி நடு ஏரிக்கு அப்பால் போய்விட்டன. கணவர் பைனாகுலரை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமே காணோமே," என்றார்.

"இதுக்குத்தானா?" என்று அண்ணி போனை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். "மருமவளே, உன் கொக்கு எல்லாம் லீவா?"

மகளுக்கு அழுகை முட்டியது. அவள் கூட்டி வந்து காட்டுகிற முதல் நாள் அது. "தும்பிக்கை போட்டாத்தான் வரும்," என்றாள்.

"என்னா கை?"

அவள் போய் மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் குவித்து மூக்கையும் வாயையும் மூடினாள். கைகளுக்குள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் செய்தாள். பிறகு மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள். "அம்மா, நீ எண்ணு," என்றாள் கைகளுக்குள்ளிருந்து.

நான் எண்ணவில்லை.

"என்ன பண்றா?" என்றார் கணவர்.

"தெனமும் பண்ணுவோமேப்பா," என்று கையை எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அவளே விரல்களை உள்ளுக்குள் அசைத்து எண்ணிக்கொண்டாள் போல.

கணவர் என்னைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். அந்த 'புஸ்' அவருக்குத் தெரிந்த சத்தம். தகரக் கதவுக்குப் பின்னால் ஒருமுறை கேட்டிருக்கிறார். நான் தண்ணீரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது, அந்த அமைதியில் வாலாட்டி வந்துவிட்டது. எங்கிருந்தோ தாழப் பறந்து வந்து, அண்ணியின் கால் விரலுக்கு ஒரு முழ தூரத்தில் இறங்கி, வாலை ஆட்டியபடி சேற்றில் நடந்தது.

"பாத்தியா," என்றாள் மகள், கைக்குள்.

வீட்டுக்கு வருகிற வரை அண்ணி முன்னால் நடந்தார். அவர் நடையில் எனக்குத் தெரிந்த வசவெல்லாம் கேட்டது. வாசலில் கால் கழுவினார், புடவையில் துடைத்தார், நடு வீட்டில் உட்கார்ந்தார்.

"எடுத்துனு வா அத."

அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தேன். கைக்குட்டையைப் பிரித்தார். "சத்தம் வரக்கூடாதுன்னா?" என்றார்.

"எப்பிடிக் குடுக்கறது? காட்டு."

காட்டினேன். அண்ணி பம்ப்பைக் குலுக்கினார், செருகினார், மகளை மடியில் சாய்த்து முகமூடியை வைத்தார். மகள் தலையைச் சரியான கோணத்துக்கு அவளே திருப்பிக்கொண்டாள். "ஒண்ணு, ரெண்டு" என்று அண்ணி எண்ண ஆரம்பித்தார். நாலில் மகள் முகமூடியை விலக்கி, "ஒந்து, எரடு சொல்லு அத்த," என்றாள். "எனக்கு அதெல்லாம் வராதுடி," என்றவர், அவள் விடாததால், சந்தைக்கு வருகிற தளி ஊர்க்காரர்களிடம் பூ வாங்கிப் பழகிய கன்னடத்தில் பத்து வரை போனார். அவ்வளவுதான். என்னைவிட அமைதியான கை அவருக்கு.

"இவ்ளோதானா? இதுக்காம்மா ஏரிக்கு நடந்த? எங்கிட்டச் சொன்னா நான் என்னா உன்ன முழுங்கியா இருப்பன்?"

"முதல் நாளே சொன்னேன் அண்ணி."

"சொன்ன. நான் வையின்னேன். நீ வச்சிட்ட. திருப்பிச் சொல்ல வாயில்லையா? அவ்ளோ படிச்சிருக்கியே."

கணவருக்கு நிம்மதியாகிவிட்டது தெரிந்தது. சண்டை வரவில்லை. "சரி விடுக்கா," என்றவர் என்னிடம் திரும்பினார். "இப்ப அக்காவே கத்துக்கிட்டாளே. இங்க குளிரும் இல்ல, மருந்தும் குடுத்துக்குவா. அப்புறம் என்ன? மாசி வரைக்கும் இருக்கட்டும்," என்றார்.

இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்த ரகசியம் உடைந்தால் கதவு திறக்கும் என்று நினைத்திருந்தேன். அது உடைந்தபோதுதான் என்னிடம் இருந்த ஒரே காரணமும் போனது. அண்ணி மருந்து கொடுப்பார். வேளை தவற மாட்டார். காற்று சூடாக இருக்கிறது. சோறு ஊட்ட ஆள் இருக்கிறது. நீலக் கட்டில் காய்ந்துவிட்டது. தரம் பார்க்கிறவளாக நானே அளந்தாலும் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது.

"நான் விட்டுட்டுப் போகமாட்டேன்," என்றேன்.

"ஏன்?" என்றார் கணவர். அவர் நிஜமாகவே கேட்டார்.

"காரணம் ஒண்ணும் இல்ல."

என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "அங்கே அவளுக்குக் கஷ்டம்தான். தெரியும். இங்க நல்லாருப்பா. அதுவும் தெரியும். ஆனா என்னால முடியாது. அவ்வளவுதான்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"காரணம் சொன்னா ஞாயம் பேசலாம்," என்றார் கடைசியில். "காரணமே இல்லங்கறவகிட்ட என்னாத்தப் பேசறது? கூட்டினு போ." எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து, "எங்கூட்டுக் காத்துக்கு வேல இல்லாமப் போச்சி," என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று அவர் பஸ் ஸ்டாப் வரை வரவில்லை. பொரிவிளங்காய் உருண்டையை டப்பாவில் போட்டு மகளிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. பின் அறையைக் கடக்கும்போது பார்த்தேன். நீலக் கட்டிலின் மேல் மாங்கன்றுக்கான உர மூட்டை ஏறியிருந்தது.

கிருஷ்ணகிரியில் சாக்ஸ், குல்லா. சூளகிரியில் ஸ்வெட்டர். ஒவ்வொன்றாக அவளுக்கு மாட்டும்போது, குளிரை நானே அவள் மேல் மாட்டிவிடுவது போல இருந்தது. எனக்காகத்தானே கூட்டிப் போகிறேன்? இதைத் தாய்ப்பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். வேறு பெயரும் வைக்கலாம். பஸ் ஜன்னல் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டேன். இருட்டாக இருக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை என்றாள் மகள். கொஞ்சம் தூக்கினேன். காற்று வந்தது. மறுபடி இறக்கினேன்.

இப்போது தை. எங்கள் வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். பால்கனியில் புறா வராமல் இருக்க வலை கட்டியிருக்கிறோம். புறா எச்சம் இளைப்புக்கு ஆகாது. அந்த வலைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, வெயில் ஏறியதும் மகளை உட்கார வைத்து மருந்து கொடுக்கிறேன். அவள் வலையின் கட்டங்கள் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்க் கட்டடத்துச் சாரம், கிரேன், எப்போதாவது ஒரு காகம்.

அண்ணி தினமும் அந்த நேரத்துக்கு வீடியோ காலில் வருவார். முதல் கேள்வி: "குடுத்தியா?" இரண்டாவது: "இளப்பு வந்துதா?"

முதல் கேள்விக்கு எனக்குப் பயமில்லை. இரண்டாவதுக்கு, "இல்ல அண்ணி, நல்லாருக்கா," என்பேன். போனை மகளின் முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொள்வேன், பின்னால் ஷெல்பில் இருக்கிற, இளைப்பின்போது மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் தெரியாதபடி. முன்பு மருந்தை மறைத்தேன். இப்போது நோயை மறைக்கிறேன். வலைக்குள்ளே நின்றுகொண்டு இதைச் செய்யும்போது சிரிப்புக்கூட வரும்.

நேற்று அண்ணி கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முகமூடியை விலக்கி, "முந்தாநேத்து வந்துச்சு அத்த. நேத்தும் வந்துச்சு. புகை மிஷின் வெச்சோம்," என்றாள்.

திரையில் அண்ணியின் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். நான் காத்திருந்தேன். அவர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எனக்கு நானே ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன்.

"இரு மருமவளே, உன் கொக்கக் கிட்டப் போயி காட்றன்," என்றார் அண்ணி.

அப்போதுதான் அவர் வீட்டில் இல்லை, ஏரிக்கரைமேல் இருக்கிறார் என்று தெரிந்தது. திரையில் சேறு, செருப்பு, புல், ஆடுகிற வானம். இறக்கத்தில் இறங்குகிற மூச்சு. தூரத்தில் சரக்கு ரயில். பிறகு வெறும் தண்ணீர், ஓரத்தில் அவருடைய கட்டை விரல்.

"ஒண்ணும் காணோமேடி."

"உக்காரு அத்த," என்றாள் மகள். "கல்லு மேல உக்காரு. அசையக் கூடாது. பேசக் கூடாது."

திரை ஒருமுறை குலுங்கி நின்றது. உட்கார்ந்துவிட்டார். மகள் முகமூடியைத் தானே எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.